16 ஆம்பியர் போதும்: வீட்டு சார்ஜருடன் 2 வருடம்

எங்கள் வீட்டு வாசலில் மின்கார் சார்ஜர் மாட்டி இரண்டு வருடம் முடிந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் மாட்டினோம். அதன்பின் கார் 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சொந்தக்காரர்கள், கோயிலில் பார்க்கிறவர்கள், மகளின் தோழியுடைய அப்பா என்று பத்துப் பதினைந்து பேராவது விசாரித்திருப்பார்கள். எல்லாரும் முதலில் கேட்பது, எந்த பிராண்ட், எத்தனை கிலோவாட் என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, உங்கள் வீட்டு மெயின், அதாவது முழு வீட்டுக்குமான முதன்மை சுவிட்ச், எத்தனை ஆம்பியர் என்று. இதுவரை ஒருவருக்கும் பதில் தெரிந்திருக்கவில்லை. அன்று எனக்கும் தெரியாது. தெரியாமல் கையெழுத்துப் போட்டதால் பட்ட அலைச்சலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது சிங்கப்பூரில் சிலேத்தார் ஹில்ஸ் பக்கம், வரிசைத் தரைவீடு. மாமனார் 1978ல் வாங்கியது. கார் பிஒய்டி அட்டோ 3, பேட்டரி 60.48 யூனிட் (கிலோவாட்-மணி) கொள்ளும். ஜூரோங்கில் வேலை, போக வர தினமும் சுமார் 50 கிலோமீட்டர். கார் எடுத்த கையோடு, மின்சாரம் விற்கும் நிறுவனம் ஒன்றின் திட்டம் கண்ணில் பட்டது. 2019 மே மாதத்திலிருந்து தீவு முழுக்க வீடுகளுக்கும் மின்சாரச் சந்தை திறந்திருக்கிறது அல்லவா, நாட்டின் மின்கட்டமைப்பை நடத்தும் எஸ்பி குழுமத்தின் கட்டணத்திலேயே இருக்கலாம், வேண்டுமானால் வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளலாம். இந்த நிறுவனத்துடன் 2 வருட ஒப்பந்தம் போட்டால் 7.4 கிலோவாட் சார்ஜர், 10 மீட்டர் வயரிங், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 1,680 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இரவு 11 முதல் காலை 7 வரை யூனிட் விலையும் குறைவு. தனியாக வாங்கினால் ஆகும் செலவைவிட நல்ல விலைதான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். நிலப் போக்குவரத்து ஆணையம் 2021 ஜூலையில் தொடங்கிய சார்ஜர் மானியம், செலவில் பாதி, சார்ஜருக்கு 4,000 வெள்ளி வரை என்று அறிவித்தார்களே, அது கொண்டோ போன்ற தனியார் அடுக்குமாடிகளின் பொது சார்ஜர்களுக்கு. தரைவீட்டுக்காரருக்குக் கிடையாது. புக்கிட் பாஞ்சாங் கொண்டோவில் இருக்கும் என் நாத்தனார் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. நம் வீட்டு சார்ஜருக்கு முழுச் செலவும் நம் கைக்காசு.

ஒப்பந்தம் போட்டதும், வீட்டு டிபி பெட்டியையும் (பிரேக்கர், ஃபியூஸ் இருக்கும் மின்பகிர்வுப் பெட்டி) கார் நிற்கும் இடத்தையும் படம் பிடித்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். இரண்டே நாளில் ‘பொருத்தலாம்’ என்று பதில் வந்தது. நேரில் யாரும் வந்து பார்க்கவில்லை. அதை நான் அன்றே வற்புறுத்தியிருக்க வேண்டும்.

பொருத்துகிற நாளன்று வந்த ஒப்பந்தக்காரரின் ஆட்கள் இருவர் டிபி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, வெளியே போய் அரைமணி நேரம் தொலைபேசியில் பேசினார்கள். பிறகு, இருக்கிற மெயினிலேயே ஒரு பிரேக்கர் போட்டுத் தருகிறோம், வாட்டர் ஹீட்டர் ஓடும்போது மட்டும் காரைச் செருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. திருப்பி அனுப்பிவிட்டேன்.

யீஷூனில் இருக்கும் உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அறுபதை நெருங்கும் தமிழ் அண்ணன். அவர் வந்து மூடியைக் கழற்றியபோது உள்ளேயிருந்து பல்லி முட்டை இரண்டு உருண்டு விழுந்தன. மேல் வரிசையில் பிற்காலத்தில் போட்ட பிரேக்கர்கள். கீழே இன்னும் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். ஒரு கறுப்பு வயரை விரலால் லேசாக வளைத்தார். அதன் ரப்பர் உறை வறுத்த கடலைத் தோல் மாதிரி உதிர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. கையை என் பக்கம் நீட்டிக் காட்டினார்.

“எந்தக் காலத்து வயர் மா இது?”

“வீடு வாங்கினப்போ போட்டதுதான் அண்ணே. பேன், லைட்டு எல்லாம் நல்லாத்தானே ஓடுது?”

“ஓடும் மா. ஹீட்டர் கால் மணி நேரம் ஓடும், நின்னுடும். வயர் சூடாகுறதுக்குள்ள ஆறிடும். கார் அப்படி இல்ல. ஆறு மணி நேரம் விடாம இழுக்கும்.”

பிறகு டார்ச்சை அடித்து மெயினில் எழுதியிருந்த எண்ணைப் படிக்கச் சொன்னார். 40. சார்ஜர் 7.4 கிலோவாட் என்றால் 32 ஆம்பியர் இழுக்கும். மிச்சம் 8. அத்தை அறையில் ஒரு ஏர்கான், எங்கள் அறையில் ஒன்று, இடையில் யாராவது ஹீட்டரைப் போட்டால் அதுவே 13, 14 ஆம்பியர். இதை எந்தப் படத்தை வைத்து அந்த நிறுவனம் ‘பொருத்தலாம்’ என்று சொன்னது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

மூன்று வழி சொன்னார். ஒன்று, அவர் மூலம் எஸ்பி குழுமத்துக்கு விண்ணப்பித்து, கூடுதல் மின்சாரம் தாங்கும் மும்முனை (த்ரீ ஃபேஸ்) இணைப்புக்கு மாறுவது. வீட்டுக்குள் வரும் கேபிளிலிருந்து மாற்ற வேண்டும், செலவும் நாளும் அதிகம். இரண்டு, வீடு இழுக்கிற மின்சாரத்தை அளந்து சார்ஜரைத் தானாகக் குறைக்கிற கருவி வைப்பது. எங்களுக்கு வரவிருந்த சார்ஜரில் அந்த வசதி இல்லை. மூன்றாவது, சார்ஜரை 16 ஆம்பியருக்குக் குறைத்து வைப்பது. சார்ஜருக்குள்ளேயே அதற்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது. 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்றால் 3.7 கிலோவாட்டுக்குக் கிட்டத்தட்ட.

பாதி வேகம் என்றதும் முதலில் மனம் ஒப்பவில்லை. காசு கொடுத்து வாங்கியதைப் பாதியாக்குவதா என்றார் வீட்டுக்காரர். அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். எட்டு மணி நேரம், 3.7 கிலோவாட்: 29 யூனிட்டுக்கு மேல். சார்ஜ் ஆகும்போது வீணாவது பத்து விழுக்காடு போனாலும், எங்கள் கார் 100 கிலோமீட்டருக்கு 16, 17 யூனிட் எடுப்பதால், ஓர் இரவுக்கு 160 கிலோமீட்டர் ஏறிவிடும். நாங்கள் ஓட்டுவதோ 50. இரண்டரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. 7.4ல் வைத்தாலும் 3.7ல் வைத்தாலும் காலை 7 மணிக்குக் கார் நிறைந்துதான் நிற்கப் போகிறது. அதோடு, மின்னோட்டம் பாதியானால் வயரில் உண்டாகும் சூடு நாலில் ஒன்றாகிவிடும். பழைய வீட்டுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.

ஆனால் 16 ஆம்பியரோ 32 ஆம்பியரோ, டிபி பெட்டியை மாற்றாமல் கைவைக்க மாட்டேன் என்று அண்ணன் உறுதியாகச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் ஆர்சிசிபியே இல்லை. மின்கசிவு ஏற்பட்டால் நொடிக்குள் இணைப்பைத் துண்டிக்கிற கருவி அது. 1985 ஜூலைக்கு முந்திய வீடுகளில் இல்லாமல் இருக்க வாய்ப்பு உண்டு. எரிசக்திச் சந்தை ஆணையம் 2023 ஜூலையில் எல்லா வீடுகளுக்கும் அதைக் கட்டாயமாக்கி, 2025 ஜூலை 1 வரை அவகாசம் கொடுத்திருந்தது. எப்படியும் செய்தாக வேண்டிய வேலை. புதுப் பெட்டி, வீட்டுக்கு ஓர் ஆர்சிசிபி, சார்ஜருக்குத் தனியாக இன்னொன்று, மெயினிலிருந்து வாசல்வரை புது வயர். எல்லாம் சேர்த்து 1,240 வெள்ளி. சார்ஜருக்குத் தனி ஆர்சிசிபி எதற்கு, செலவுதானே என்று நான் கேட்டேன். “வெளியில மழையில நிக்கிற பொருளுக்கும் உள்ள இருக்கிற பிரிட்ஜுக்கும் ஒரே காவல் வேண்டாம் மா” என்றார். காருக்கு வைப்பது சாதாரண வகையாக இருக்கக்கூடாது என்றும் சொன்னார். கார் பக்கமிருந்து நேர்மின்னோட்டம் (டிசி) கசிந்தால் சாதாரண ஆர்சிசிபி அதை உணராமல் போகலாம். அதைப் பிடிக்கும் வசதி சார்ஜருக்குள்ளேயே இருக்கிறதா என்று கையேட்டைப் படித்துப் பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்கினார்.

அந்த வேலை முடிந்து, திட்டத்தின் ஆட்கள் மறுபடி வந்து சார்ஜரை மாட்ட ஏழு வாரம் ஆனது. மாட்டியது மூன்று மணி நேரத்தில். 2023 டிசம்பர் 8 முதல் நடப்பில் உள்ள மின்வாகன மின்னூட்டுச் சட்டப்படி, சார்ஜர் அங்கீகரிக்கப்பட்ட வகையாக இருக்க வேண்டும், பயன்படுத்துவதற்கு முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சார்ஜர்மேல் ஒட்டுவில்லை இருக்கிறதா, பதிவு முடிந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவர நினைப்பவர்கள் இதை மனத்தில் வையுங்கள்.

அன்றாடப் பழக்கத்தில் சொல்ல அதிகமில்லை. மாலையில் வந்ததும் செருகுகிறேன், காலையில் கழற்றுகிறேன். சார்ஜரின் செயலி மட்டும் தொல்லை. வாசலில் வைஃபை மெலிவு. ஒருமுறை புதுப்பிப்பு வந்தபின் நேரக் கட்டளை அழிந்துபோய், பத்து நாள் மாலை 7 மணிக்கே பகல் விலையில் ஏறிக்கொண்டிருந்தது. பில் வந்த பிறகுதான் தெரிந்தது. அதிலிருந்து நேரத்தைக் காரிலேயே குறித்து வைத்துவிட்டேன், தவறியதே இல்லை. வாரம் ஒருநாள் மட்டும் 100 விழுக்காடு ஏற்றுகிறேன். இந்த வகை பேட்டரிக்கு அப்படித்தான் சொல்கிறார்கள்.

பணக் கணக்கு. சார்ஜர் வந்த காலாண்டில் எஸ்பி கட்டணம் யூனிட்டுக்கு 29.79 காசு, 9% பொருள் சேவை வரி சேர்த்தால் 32.47. எங்கள் திட்டத்தில் இரவுக்கு வரியோடு 27 காசு, பகலுக்கு எஸ்பியைவிட ஒரு காசு கூடுதல். பகலெல்லாம் ஏர்கான் ஓடுகிற வீட்டுக்கு இது சரிப்படாது. எங்கள் வீட்டில் பகலில் அத்தை மட்டும்தான், பேன் போதும் என்பார். காருக்கு மாதம் சராசரி 235 யூனிட், அதாவது 63, 64 வெள்ளி. பழைய பெட்ரோல் கார் இதே ஓட்டத்துக்கு 270 வெள்ளி குடித்தது.

ஆனால் அந்த 200 வெள்ளி மிச்சத்தை சார்ஜர் கணக்கில் எழுதக்கூடாது. அது மின்கார் தந்த மிச்சம். செங்காங்கில் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் இருக்கும் என் தம்பி கார் நிறுத்துமிடத்துப் பொது சார்ஜரில் யூனிட்டுக்கு 60 காசு வாக்கில் கொடுக்கிறான். அப்படிப் பார்த்தால் எனக்கு 140 வெள்ளி ஆகியிருக்கும். ஆக, சார்ஜர் மிச்சம் பிடிப்பது மாதம் 76, 77 வெள்ளி. மொத்தச் செலவு 2,920. போட்ட பணம் திரும்ப மூன்று வருடத்துக்குச் சற்று மேல் ஆகும். இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் பாக்கி இருக்கிறது. பணத்துக்காக மட்டும் வைப்பதென்றால், குறைவாக ஓட்டுகிறவர்கள் யோசித்துச் செய்யுங்கள். எனக்கு அதன் மதிப்பு வேறு. தம்பி சார்ஜ் முடிந்ததும் இரவு 11 மணிக்குக் கீழே போய் வண்டியை நகர்த்திவிட்டு வருகிறான். எனக்கு அந்த வேலை இல்லை.

போன வருடம் ஏப்ரலில் ஓர் இரவு. இடியும் மழையுமாக ஊற்றியது. இரண்டு மணி வாக்கில் எழுந்து பார்த்தால் வாசலில் சார்ஜரின் பச்சை விளக்கு அணைந்திருந்தது. எனக்கு முதலில் நினைவு வந்தது பிரிட்ஜ்தான். அத்தையின் இன்சுலின் அதில்தான் இருக்கிறது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். உள்ளே விளக்கு எரிந்தது, மோட்டார் சத்தம் கேட்டது. டிபி பெட்டியில் சார்ஜருக்கான ஆர்சிசிபி மட்டும் விழுந்திருந்தது. அந்த இருட்டில், அண்ணன் தனிக் காவல் என்று சொன்னதை நினைத்து அப்படியே நின்றேன். ஒரே ஆர்சிசிபி என்றால் பிரிட்ஜும் சேர்ந்து நின்றிருக்கும்.

திட்டத்தின் உதவி எண்ணை அழைத்தேன். நாளை வருகிறோம், நாளை வருகிறோம் என்று ஐந்து நாள் போனது. உத்தரவாதத்தில் இருப்பதால் வேறு யாரும் திறக்கக்கூடாதாம். வந்து பார்த்தபோது, சார்ஜருக்குப் பக்கத்துச் சுவிட்ச் பெட்டிக்குள் கேபிள் நுழைகிற துளையின் மூடி சரியாக இறுக்கப்படவில்லை. பதினான்கு மாத மழைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கி அடியில் தேங்கியிருந்தது. கூடவே ஒரு சின்ன எறும்புப் புற்று. துளையை அடைத்து, கேபிளைக் கீழ்ப்பக்கமாக வளைத்து நுழைத்தார்கள். தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். உங்கள் வீட்டிலும் கேபிள் பெட்டிக்கு மேலிருந்து நுழைகிறதா, கீழிருந்து நுழைகிறதா என்று பொருத்துகிற அன்றே பாருங்கள்.

மற்றபடி, மேற்கு வெயிலில் சார்ஜரின் முகப்பு வெளுத்துவிட்டது. பிளக்கின் ரப்பர் மூடி ஒன்று அறுந்தது. கேபிளைத் தரையில் போடாமல் கொக்கியில் மாட்டுவதால் அது நன்றாகவே இருக்கிறது.

ஒப்பந்தம் போன மாதம் முடிந்தது. முன்னரே விலகியிருந்தால் சார்ஜர் விலையில் கொடுத்த தள்ளுபடியைத் திருப்பிக் கட்டச் சொல்லியிருப்பார்கள். இப்போது அந்தக் கட்டு இல்லை. புதுப்பிக்கச் சொல்லி வந்த விலையில் இரவுக்கும் பகலுக்கும் இருந்த வித்தியாசம் பாதியாகிவிட்டது. அதனால் வேண்டாம் என்று எஸ்பி கட்டணத்துக்கே திரும்பிவிட்டோம். உத்தரவாதமும் முடிந்ததால் சார்ஜரை இனி உரிமம் பெற்ற எந்த மின்பணியாளரும் திறக்கலாம். வருகிற சனிக்கிழமை யீஷூன் அண்ணன் வருகிறார். மெயினிலிருந்து வாசல்வரை ஒவ்வொரு திருகாணியாக இறுக்கிப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். பக்கத்து வீட்டிலும் மின்கார் எடுக்கப் போகிறார்களாம், அவர்கள் டிபி பெட்டியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகட்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.