மாடித் தொட்டிக்கு ஒரு சின்னக் கணினி: ஆறு ஆண்டு அனுபவம்

எங்கள் வீட்டில் மாநகராட்சித் தண்ணீர் முதலில் தரைத்தொட்டியில் விழும். அங்கிருந்து ஒரு குதிரைத்திறன் மோட்டார் அதை மாடித் தொட்டிக்கு ஏற்றும். மோட்டாரைப் போட்டுவிட்டு வேறு வேலையில் மூழ்கினால் மொட்டைமாடியிலிருந்து தெருவரை தண்ணீர் ஓடும். மதுரைக் கோடையில் ஒரு குடம் வீணானாலும் மனம் பதறும். அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு, தொட்டியை எட்டிப் பார்க்க மாடி ஏறுவதும் நின்றுபோனது. 2019 ஏப்ரலில், மோட்டாரைச் சின்னக் கணினியிடம் ஒப்படைக்கும் வேலையை நான் தொடங்கியதற்கு அதுதான் காரணம். ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. எது நிலைத்தது, எது காலை வாரியது என்று இப்போது நிதானமாகச் சொல்ல முடிகிறது.

வாங்கிய பொருட்கள் கொஞ்சம்தான். ராஸ்பெர்ரி பை 3பி பிளஸ் என்ற சின்னக் கணினி ஒன்று (இனி சுருக்கமாகப் ‘பை’), அப்போது 3,000 ரூபாய் சொச்சம். இஎஸ்பி8266 சில்லு பொருத்திய நோட்எம்சியு பலகைகள் மூன்று, ஒவ்வொன்றும் 400 ரூபாய்க்குள். மற்றவை ரிலே (பலகை சொன்னால் மூடித் திறக்கும் மின்சுவிட்ச்), சென்சார்கள், 5 வோல்ட் அடாப்டர்கள். பை முழுக் கணினி, லினக்ஸ் இயங்குதளம் ஓடும். இஎஸ்பி8266 அப்படியல்ல. அதில் ஏற்றிய ஒரே நிரலை, மின்சாரம் வந்த நொடியிலிருந்து ஓட்டிக்கொண்டே இருக்கும். வீட்டு நிலவரத்தைத் திரையில் காட்டுவதற்கு முன்னது, மோட்டார் பக்கத்தில் நின்று காவல் காப்பதற்குப் பின்னது என்று தொடக்கத்திலேயே வேலையைப் பிரித்திருக்க வேண்டும். நான் எல்லா முடிவுகளையும் பையிடம் விட்டுவிட்டேன். அதன் விளைவுக்குப் பிறகு வருகிறேன்.

பையில் ஓடுவது ஹோம் அசிஸ்டென்ட். வீட்டுக் கருவிகளை ஒரே இடத்திலிருந்து இயக்க, பவுலஸ் ஸ்கவுட்சன் 2013-இல் தொடங்கிய திறமூல மென்பொருள். இணையம் அறுந்தாலும் வீட்டுக்குள்ளேயே வேலை செய்யும் என்பதால்தான் அதைத் தேர்ந்தேன். அதற்கு முன்பு கைபேசியில் இயக்கும் ஆயத்த பிளக் ஒன்று வைத்திருந்தேன். விற்ற நிறுவனம் சர்வரை மூடிய நாளோடு அது வெறும் பிளாஸ்டிக் துண்டாகிவிட்டது. பலகைகளும் பையும் பேசிக்கொள்வது எம்க்யூடிடி என்ற செய்திப் பரிமாற்ற நெறிமுறையில். எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க 1999-இல் உருவானது அது. செய்தி சிறியதாக இருக்கும், இணைப்பு அடிக்கடி அறுபடும் என்பதை மனத்தில் வைத்து வடித்தது. கான்கிரீட் தளத்தைத் தாண்டி வைஃபை தட்டுத்தடுமாறி வரும் எங்கள் மாடிப்படிக்கும் அது நன்றாகவே பொருந்தியது.

தொட்டியின் மட்டத்தை அளக்க முதலில் மாட்டியது எச்.சி.-எஸ்ஆர்04 என்ற மீயொலி சென்சார். ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரம் சொல்லும். அதன் இரண்டு கண்களும் திறந்தவை. தொட்டிக்குள் படியும் ஈரத்தில் மூன்றே மாதத்தில் பச்சை பூத்துவிட்டது. அடுத்து வாங்கிய நீர்புகா வகை, ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி, இன்றும் உழைக்கிறது. ஆனால் முகத்துக்கு முன்னால் சுமார் 20 சென்டிமீட்டர் வரை அதற்கு எதுவும் தெரியாது. அதாவது, தொட்டி நிரம்பும் சமயத்தில்தான் அது தாறுமாறாக எண் காட்டும். வெயிலும் சேர்ந்து குழப்பும். 20 டிகிரியில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும். 40 டிகிரியில் ஏறத்தாழ 355. ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும் தண்ணீர் மே மாத மதியத்தில் மூன்று சென்டிமீட்டர் மேலே இருப்பதாகத் தெரியும். இந்தக் கணக்கோடு சில வாரங்கள் போராடிவிட்டு, கடைசியில் 150 ரூபாய் மிதவை சுவிட்ச் ஒன்றைத் தொங்கவிட்டேன். தொட்டி நிரம்பிவிட்டது என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை இப்போது மிதவைக்கு மட்டுமே. மீயொலி சென்சார் எத்தனை சதவீதம் என்று திரையில் காட்டுவதோடு சரி.

ரிலே விஷயத்தில் செய்த தவறு பெரியது. பத்து ஆம்பியர் தாங்கும் என்று அதன் மேல் அச்சிட்டிருந்தது. மோட்டார் ஓடும்போது இழுப்பது ஐந்து ஆறு ஆம்பியர்தானே என்று நேரடியாக இணைத்தேன். கிளம்பும் கணத்தில் மோட்டார் அதைப் போல் பல மடங்கு இழுக்கும். ஐந்தாம் மாதம் உள்ளே இருந்த முனைகள் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொண்டன. திரையில் ‘நிறுத்தம்’ என்று இருக்கிறது, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டு அம்மாதான் மெயின் சுவிட்சை அணைத்தார். அன்று மாலையே எலக்ட்ரீஷியனை வரவழைத்து, பச்சை, சிவப்புப் பொத்தான்கள் உள்ள ஸ்டார்ட்டர் பெட்டி போட்டோம். இப்போது என் ரிலேக்கள் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் தொடுவதே இல்லை. ஒரு ரிலே பச்சைப் பொத்தானுக்கு இணையாக ஒரு நொடி மூடித் திறக்கும். இன்னொன்று சிவப்புப் பொத்தானோடு தொடரில், எப்போதும் மூடியே இருக்கும் முனையில் நிற்கிறது. பலகை செத்துப்போனாலும் இரண்டு பொத்தான்களும் பழையபடி வேலை செய்யும். 230 வோல்ட் வேலையை, தெரிந்தவரைக் கூப்பிட்டே செய்யுங்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

மின்வெட்டு முதல் ஆண்டிலேயே பை இயங்கும் மெமரி கார்டுகளில் இரண்டைத் தின்றுவிட்டது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டு தாங்காது. ஹோம் அசிஸ்டென்டோ ஓயாமல் பதிவு எழுதும். தேவையில்லாத பதிவுகளை நிறுத்தினேன். யூஎஸ்பியில் ஒரு எஸ்எஸ்டி சேமிப்பகத்தை மாட்டி அதிலிருந்தே பை இயங்கும்படி செய்தேன். பையையும் ரூட்டரையும் இன்வர்ட்டர் இணைப்புக்கு மாற்றினேன். அதன் பிறகு ஒரு பதிவும் கெடவில்லை. அந்தப் பையில் பேட்டரி கடிகாரம் கிடையாது என்பதால் டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்றும் சேர்த்தேன். இணையமும் இல்லாமல் மீண்டும் உயிர்பெறும்போது அது நேரத்தைத் தப்பாகச் சொல்லக்கூடாது அல்லவா?

எல்லா முடிவுகளையும் பையிடம் விட்டதன் விளைவைக் காட்டிய இரவுக்கு இனி வருகிறேன். 2020 நவம்பர், மழை, நடுநிசி தாண்டியிருக்கும். போன கரண்ட் வந்தது. வந்த சில நொடிகளில் மோட்டார் தானாக ஓடத் தொடங்கியது. தரைத்தொட்டியில் தண்ணீர் இல்லை. நாங்கள் விழித்துக் கீழே இறங்கும்போது இருபது நிமிடம் வெறுமனே ஓடி, மோட்டார் உடல் தொட முடியாத சூட்டில் இருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. மாலையில் நான் கைபேசியிலிருந்து மோட்டாரைப் போட்டிருந்தேன். எம்க்யூடிடியில் ஒரு செய்தியைத் தக்கவைக்கும்படி அனுப்பினால், பிறகு இணையும் கருவிக்கும் அந்தக் கடைசிச் செய்தி கிடைக்கும். நான் ‘போடு’ என்ற கட்டளையை அப்படி அனுப்பியிருந்தேன். தரைத்தொட்டி காலியாவதைக் கண்டு அம்மா சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்தியது பைக்குத் தெரியாது. இன்வர்ட்டரில் விழித்திருந்த பை, கரண்ட் வந்து எழுந்த பலகையிடம் மாலைக் கட்டளையை அப்படியே நீட்டியது. அம்மா தன் கையால் நிறுத்திய ஒன்றை என் நிரல் மீறியிருக்கிறது. மோட்டார் சூட்டைவிட அதுதான் என்னை அதிகம் உறுத்தியது.

அந்த வாரமே நிரலை முழுதாக மாற்றி எழுதினேன். கட்டளைகளைத் தக்கவைப்பதே இல்லை; நிலவரத்தை மட்டும் தக்கவைக்கிறேன். முடிவெடுப்பது மோட்டார் பக்கத்தில் இருக்கும் பலகை. தரைத்தொட்டியிலும் ஒரு மிதவை போட்டேன். இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் என்ன ஆனாலும் மோட்டார் ஓடாது. ரிலேக்களைப் பலகையின் டி1, டி2 முனைகளில் மட்டுமே இணைத்திருக்கிறேன். மற்ற முனைகளில் சில, பலகை எழும்போதே ஒரு துடிப்பு துடிக்கும். பிஇசட்இஎம்-004டி என்ற அளவி ஒன்று மோட்டாரின் வோல்ட்டையும் வாட்டையும் பலகைக்குச் சொல்லும். பலகை நிறுத்தாமலேயே வாட் பூஜ்யமானால் யாரோ சிவப்பை அழுத்தியிருக்கிறார்கள் அல்லது கரண்ட் போயிருக்கிறது என்று பொருள். எதுவாக இருந்தாலும் பச்சைப் பொத்தானை மனிதர் அழுத்தும்வரை மோட்டார் தானாகத் தொடங்காது. 190 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் கிளம்பவே கிளம்பாது. பலகையின் தொடர்பு அறுந்தால் அடுப்படிச் சுவரில் ஒரு சிவப்பு விளக்கு எரியும்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அஸ்தமன நேரத்துக்கு எரியும் வாசல் விளக்கு ஒரு நாளும் தவறியதில்லை. மின்விசிறி வேகத்தை மாற்றும் முயற்சியை விட்டுவிட்டேன். சுவரில் இருக்கும் ரெகுலேட்டரே போதும். மலிவான டிஎச்டி11 ஈரப்பத அளவியை வாங்க வேண்டாம். 2021, 2022-இல் உலகம் முழுக்கச் சில்லுத் தட்டுப்பாடு வந்து பை கிடைக்காமல் போனபோது, இதே வேலையைத் தொடங்கக் கேட்ட நண்பருக்குப் பரணில் கிடந்த பழைய மடிக்கணினியில் ஹோம் அசிஸ்டென்ட் நிறுவிக் கொடுத்தேன். இன்றும் ஓடுகிறது.

என் மோட்டார் தண்ணீர் ஏற்றும்போது 900 வாட் அளவில் இழுக்கும். காற்றை உறிஞ்சத் தொடங்கினால் 500 அளவுக்கு இறங்கும். அப்போது நிறுத்துவதற்கு முன் பத்து நொடி பொறுத்துப் பார்க்கும்படி நிரலில் எழுதியிருக்கிறேன். போன மாதம் தரைத்தொட்டி மிதவை சிக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், திரையில் அந்த எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 880, 710, 540. அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலையை ஒரு பக்கம் சாய்த்தார். மோட்டார் சத்தம் மாறியது அவருக்குக் கேட்டுவிட்டது. கத்தியை வைத்துவிட்டு எழுந்துபோய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். பலகை அப்போது எட்டாவது நொடியை எண்ணிக்கொண்டிருந்தது.