கரிசல் காட்டுக்கு மூன்று கொழு ரிட்ஜர்: வாங்கலாமா?

பெரம்பலூர் பக்கம் கரிசலில் மக்காச்சோளம் போடுகிறவர்கள் கேட்டால், டிராக்டரில் மாட்டும் மூன்று கொழு ரிட்ஜரைத் தாராளமாக வாங்கச் சொல்வேன். கொழு என்கிற முனை மண்ணைக் கிழித்து இரு பக்கமும் ஒதுக்க, நீள மேடாகப் பாரும் நடுவே பள்ளமாகச் சாலும் விழும். தண்ணீர் கட்டுவதற்கு மட்டுமில்லை, ஐப்பசி கார்த்திகை மழைத் தண்ணீரை வெளியேற்றவும் பார்தான் கைகொடுக்கிறது.

கரிசல் தண்ணீரை மெதுவாகத்தான் உள்ளே வாங்கும், வாங்கியதைச் சீக்கிரம் விடவும் விடாது. பாத்தி கட்டிய காட்டில் அடைமழை பிடித்தால் வேருக்குக் காற்றோட்டம் போய், பயிர் அடி இலையிலிருந்து மஞ்சளடிக்கும். பார் போட்டு அதன் சரிவில் விதை ஊன்றினால் வேர்ப்பகுதி தேங்கும் தண்ணீருக்கு மேலே நிற்கும். சாலின் கடைசியில் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டிவிட்டால் போதும், தண்ணீர் வடிகாலுக்குப் போய்விடும். போன பட்டத்தில் விடிய விடியப் பெய்த மழைக்குப் பக்கத்துப் பாத்திக் காடு குளமாக நின்றது. எங்கள் காட்டில் மதியமே சால் தெரிந்தது.

நட்டைத் தளர்த்தினால் கொழுக்களைச் சட்டத்தில் நகர்த்திக்கொள்ளலாம். மக்காச்சோளத்துக்கு 60 செ.மீ. இடைவெளி, பருத்திக்கு அதைவிட அகலம். திரும்பி வரும்போது ஓரக் கொழுவை ஏற்கெனவே போட்ட சாலிலேயே இறக்கி ஓட்டச் சொல்லுங்கள், இடைவெளி பிசகாது. மண் பதம் ரொம்ப முக்கியம். கையில் பிடித்தால் உருண்டையாகி, கீழே போட்டால் உதிர வேண்டும். ஈரம் கூடினால், மண்ணைப் பக்கவாட்டில் ஒதுக்கும் இறக்கையில் மண் அப்பிக்கொண்டு பார் கட்டி கட்டியாக விழும். காய்ந்திருந்தால் கொழு இறங்காது.

குறை ஒன்று உண்டு. இறக்கையைப் பிடிக்கும் போல்ட் மட்டமான சரக்கு. ஓட்டும்போதே தளர்ந்து, ஒரு பக்கப் பார் குட்டையாகிவிடுகிறது. செய்து கொடுத்த பட்டறையில் கேட்டதற்கு, "எல்லாருக்கும் இதேதான் போட்டுக் கொடுக்கிறோம்" என்றார்கள். இவ்வளவு விலை வாங்கிக்கொண்டு போல்ட்டில் மிச்சம் பிடிப்பது நியாயமில்லை. நல்ல போல்ட்டும் ஸ்பிரிங் வாஷரும் வாங்கிப் போட்ட பிறகுதான் நிம்மதி.

அப்புறம், கிணற்றுத் தண்ணீர் குறைவாக இருப்பவர்கள் ஒன்றுவிட்டு ஒரு சாலில் பாய்ச்சிப் பாருங்கள். அடுத்த முறை, பாய்ச்சாமல் விட்டுவைத்த சால்களுக்குத் தண்ணீர் கட்டலாம். கரிசலில் ஈரம் பக்கவாட்டில் பரவுவதால் இது சரிப்பட்டு வரும். மணல்காட்டில் தண்ணீர் நேரே கீழே இறங்கிவிடும், அங்கே வேண்டாம். கரிசலிலும் ஆண் பூ வந்து கதிர் நார் தள்ளும் சமயத்தில் எல்லாச் சாலுக்கும் பாய்ச்சிவிடுங்கள், அப்போது காயவிட்டால் மணி பிடிக்காது.

வாங்குவதற்கு முன் காட்டின் வாட்டத்தைப் பாருங்கள். 100 மீட்டர் நீளத்துக்கு அரை மீட்டருக்கு மேல் சரிவு இருந்தால், சரிவு வாக்கில் போட்ட சாலில் மண் அரித்துப் போகும். வாட்டமே இல்லாவிட்டால் தண்ணீர் வடியாது. ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்கள் வாடகைக்கு ஓட்டினாலே போதும். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரும் கருவிகளும் வாடகைக்கு விடுகிறது, உங்கள் வட்டாரத்தில் ரிட்ஜர் கிடைக்குமா என்று விதைப்புக்கு முன்னாலேயே கேட்டு வையுங்கள்.