உயர்தரப் பெறுபேற்றைப் படிக்க எதைத் திறப்பது? பரீட்சைத் திணைக்கள மதிப்பீட்டு அறிக்கைகள் பற்றி ஒரு மதிப்புரை

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளியானதும் பாடசாலைகளிலும் வலயக் கல்வி அலுவலகங்களிலும் முதலில் தயாராவது சித்தி வீத அட்டவணைதான். சென்ற முறை 58, இம்முறை 63, ஆகவே முன்னேற்றம் என்று கூட்டத்தில் வாசிப்பார்கள். அடுத்த தவணையில் எந்த அலகை எப்படி மாற்றிக் கற்பிப்பது என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. பதில் வேண்டுமென்றால் இலங்கைப் பரீட்சைத் திணைக்களம் பாடவாரியாக வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கையைத் திறக்க வேண்டும். தமிழிலும் கிடைக்கிறது. நம் ஆசிரியர்களுக்குக் கிடைக்கும் பரீட்சை ஆவணங்களில் மிகப் பெறுமதியானது இதுவே. ஆனால் பலர் புள்ளியிடும் திட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

அறிக்கையின் முதற் பகுதியில் புள்ளிவிபரங்கள் உள்ளன: தோற்றியோர் தொகை, பெற்ற சித்திகள், முதற்தடவை தோற்றிய பாடசாலைப் பரீட்சார்த்திகளின் மாவட்டவாரியான நிலை, வகுப்பாயிடைப்படி புள்ளிகள், பிறகு வினாவாரியான அடைவு. அடுத்த பகுதி ஒவ்வொரு வினாவுக்கும் எதிர்பார்த்த விடையையும் பரீட்சார்த்திகள் எழுதியதைப் பற்றிய அவதானிப்புகளையும் தருகிறது. இறுதியில் ஆலோசனைகள். இந்த இறுதிப் பகுதி சற்றுப் பொதுப்படையானது. “வினாவை நன்கு வாசிக்கவும்” போன்ற அறிவுரைகளுக்காக நேரம் செலவிடத் தேவையில்லை.

கவனமாகப் படிக்க வேண்டியது பல்தேர்வு வினாக்களுக்கான தெரிவு அட்டவணை. ஒவ்வொரு வினாவிலும் ஒவ்வொரு தெரிவையும் எத்தனை சதவீதத்தினர் தெரிவுசெய்தார்கள் என்பது அதில் இருக்கிறது. உயர்தர இரசாயனவியல் முதலாம் வினாத்தாளில் 50 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 5 தெரிவுகள். கண்ணை மூடிக்கொண்டு தெரிவுசெய்தாலும் ஒவ்வொரு தெரிவுக்கும் ஏறத்தாழ 20 வீதம் விழும். இப்போது இரண்டு வினாக்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் சரியான விடைக்கு 28 வீதம். முதலாவதில் மீதி நான்கு தெரிவுகளுக்கும் தலா 18 வீதம். பிள்ளைகளுக்கு அந்த விடயமே தெரியாது. பாடம் முடிக்கப்படவில்லை அல்லது மறந்துபோயிற்று. இரண்டாவதில் ஒரே பிழையான தெரிவுக்கு 45 வீதம். இங்கே பிள்ளைகள் எதையோ உறுதியாகப் பிழையாகக் கற்றிருக்கிறார்கள். முதலாவதற்கு அலகை மீண்டும் கற்பிக்கலாம். இரண்டாவதற்கு அதே பாடத்தை அதே முறையில் திரும்ப நடத்தினால் பிழை இன்னும் ஆழமாகப் பதியும். அந்தப் பிழையான தெரிவை வகுப்பில் வைத்து, அது ஏன் சரிபோலத் தோன்றுகிறது என்று பிரித்துக் காட்ட வேண்டும். சித்தி வீதத்தில் இந்த இரண்டு வினாக்களும் ஒன்றுபோலவே தெரியும்.

இதை வகுப்புக்குக் கொண்டுவருவது கடினமல்ல. தேசிய அடைவு குறைந்த 10 வினாக்களைத் தெரிவுசெய்து தரம் 13க்குத் தவணைப் பரீட்சையோடு கொடுங்கள். சரி, பிழை என்று மட்டும் குறிக்காமல், எந்தத் தெரிவு என்பதையும் பதியுங்கள். உங்கள் சதவீதத்தைத் தேசிய நிரலுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். 40 பேர் உள்ள வகுப்பில் 15 சதவீதப் புள்ளிக்குக் குறைந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம். சிறிய தொகையில் அவ்வளவு ஏற்ற இறக்கம் தற்செயலாகவே வரும்.

இரண்டாம் வினாத்தாள் அட்டவணையில் ஒரு பொறி இருக்கிறது. உயிரியலில் கட்டுரைப் பகுதியில் 6 வினாக்களில் 4 எழுத வேண்டும். ஒரு வினாவை 12 வீதத்தினர் மட்டும் தெரிவுசெய்து 60 வீத அடைவு பெற்றிருந்தால் அது இலகுவான வினா என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் கெட்டிக்காரர்கள் மட்டும் அதைத் தொட்டிருக்கலாம், மற்றவர்கள் விலகியிருக்கலாம். தெரிவுசெய்தோர் வீதத்தையும் அடைவையும் எப்போதும் சேர்த்தே வாசியுங்கள்.

அதிபரின் கணக்கில் தரவிறக்கும் பாடசாலைப் பெறுபேற்றுப் பட்டியலும் பயன்படும், ஆனால் அதில் பாடவாரியாகச் சித்திதான் இருக்கும், பாடப் புள்ளி இராது. ஏ சித்திக்கு 4, பி சித்திக்கு 3 என்று எண் போட்டுச் சராசரி எடுக்கும் பழக்கத்தை விடுவது நல்லது. 74 புள்ளிக்கும் 75 புள்ளிக்கும் இடையே அது ஒரு முழுப் படியை உண்டாக்குகிறது. சி சித்தியும் அதற்கு மேலும் பெற்றோர் வீதம் என்ற ஒரே அளவே போதும். பரீட்சைக்கு வராதவரின் கட்டத்தை வெறுமையாக விடுங்கள், 0 இட வேண்டாம். விண்ணப்பித்தோரால் வகுத்த வீதமும் தோற்றியோரால் வகுத்த வீதமும் ஒரே கோட்டில் வரக்கூடாது. 12 பேர் தோற்றும் பாடசாலையில் ஒரு பிள்ளை 8 வீதத்துக்குச் சமம். அங்கே மூன்று ஆண்டுகளைச் சேர்த்துத்தான் பேச முடியும்.

போக்கைக் காட்ட, பல்கலைக்கழக அனுமதிக்குப் பயன்படும் இசட் புள்ளியை எடுப்பவர்களும் உண்டு. அது இந்த வேலைக்கான கருவியே அல்ல. ஒவ்வொரு பாடத்திலும் அவ்வாண்டின் இடையை (சராசரியை) கழித்து, புள்ளிகள் எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதைக் காட்டும் நியம விலகலால் வகுப்பதால் தேசிய இடை ஒவ்வொரு ஆண்டும் பூச்சியம்தான். நாடு முழுவதும் முன்னேறினாலும் பின்தங்கினாலும் அது அசையாது. எந்தக் கூட்டத்தோடு ஒப்பிடுகிறோம் என்பதிலேயே அதன் பொருள் தங்கியிருக்கிறது. 2011இல் பழைய, புதிய பாடத்திட்டப் பரீட்சார்த்திகளின் இசட் புள்ளியைக் கணித்த விதம் உயர் நீதிமன்றம் வரை போனதும் இதனால்தான். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் வெட்டுப்புள்ளியை வைத்து ஒரு மாவட்டத்தின் தரத்தை அளப்பதும் பிழை; அது அனுமதி பெற்ற கடைசி மாணவரின் புள்ளி மட்டுமே, மாவட்ட ஒதுக்கீடு மாறினால் அதுவும் மாறும்.

ஆண்டுகளை ஒப்பிடும்போது பரீட்சையின் பெயரிலுள்ள ஆண்டை நம்ப வேண்டாம். 2021 உயர்தரம் 2022 பெப்ரவரியில் தொடங்கியது. 2022க்கானது 2023 ஜனவரியில். 2023க்கானது 2024 ஜனவரியில். 2024க்கானது அதே ஆண்டு நவம்பரில். கோட்டுவரைபில் சம இடைவெளியில் நிற்கும் புள்ளிகளுக்குப் பின்னால் சமமான கற்பித்தற் காலம் இல்லை. 2019இல் புதிய பாடத்திட்டத்துக்கு முதற் பரீட்சை நடந்ததால் அங்கே கோட்டை முறித்தே வரைய வேண்டும். நம்பக்கூடிய போக்கு வேண்டுமானால் தொடர்ச்சியான மூன்று மதிப்பீட்டு அறிக்கைகளை எடுத்து, வினாக்களை அலகுவாரியாகப் பிரித்து, அதே எண்ணக்கருவில் அதே வகைப் பிழை திரும்ப வருகிறதா என்று பாருங்கள். பாடம் ஒன்றுக்கு ஒரு நாள் வேலை. வலயத்தில் ஆசிரிய ஆலோசகர் ஒருமுறை செய்து பகிர்ந்தால் எல்லாப் பாடசாலைக்கும் போதும்.

பெரிய குறை ஒன்று இருக்கிறது. தெரிவு அட்டவணை நாடு முழுமைக்கும் ஒன்றே. தமிழ்மொழி மூலப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒரு பிழையான விடையில் குவிந்திருந்தால் அதற்குக் காரணம் எண்ணக்கருவா, தமிழ் வினாவின் சொல்லமைப்பா என்று இந்த அட்டவணையில் பிரித்தறிய வழியில்லை. ஒவ்வொரு வினாவுக்கும் மொழிமூல வாரியாக மூன்று நிரல்களைச் சேர்த்து, விரிதாள் கோப்பாகவும் வெளியிட்டால், தமிழ் வினாத்தாளில் மட்டும் சறுக்கும் வினாக்கள் எவை என்பதை ஆசிரியர்களே ஒரு மாலைக்குள் கண்டுவிடுவார்கள்.