வேறுபாட்டைச் சொல்லும் அகராதி: 'மெரியம்-வெப்ஸ்டர்ஸ் டிக்‌ஷனரி ஆஃப் சினனிம்ஸ்'

ஆங்கிலத்தில் ஒரே பொருள் தருவனவாகத் தோன்றும் சொற்களை வரிசையாக அடுக்கித் தரும் நூல்களுக்கும் செயலிகளுக்கும் இன்று பஞ்சமில்லை. அவற்றுள் எந்தச் சொல் எந்த இடத்தில் பொருந்தும், ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வைத்தால் வாக்கியத்தின் பொருள் எங்கே திரியும் என்று நின்று விளக்குபவைதான் அரிது. அத்தகைய நூல்களில் முதலிடம் பெறத்தக்கது 'மெரியம்-வெப்ஸ்டர்ஸ் டிக்‌ஷனரி ஆஃப் சினனிம்ஸ்' என்பது என் கருத்து. 1942இல் முதலில் வெளிவந்து, 1968இல் விரிவாகத் திருத்தப்பட்ட இந்த அகராதி, மொழிபெயர்ப்பாளர், ஆங்கில ஆசிரியர், ஆங்கிலத்தில் நாள்தோறும் எழுதுபவர் ஆகியோரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டியது.

ஒருபொருட் சொற்களைக் கையாளும் ஆங்கில நூல்களில் இரண்டு மரபுகள் உண்டு. பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852இல் வெளியிட்ட தெசாரஸ், சொற்களைக் கருத்துவாரியாகத் தொகுத்துத் தந்தது. சொல்ல வந்த கருத்து தெளிவாக இருந்தும் சொல் அகப்படாமல் தவிப்பவருக்கு அது பெருந்துணை. ஆனால் ஒரு சொல்லுக்கும் அதன் பக்கத்துச் சொல்லுக்கும் என்ன வேறுபாடு என்று அது சொல்வதில்லை. அந்த வேறுபாட்டையே பொருளாகக் கொண்ட நூல்களை அதற்கு முன்பே ஹெஸ்டர் பியோட்ஸி 1794இலும், ஜார்ஜ் கிராப் 1816இலும் எழுதியிருந்தார்கள். மெரியம்-வெப்ஸ்டர் நூல் இந்த இரண்டாவது மரபில் வருவது. அதன் முன்னுரை இவ்வரலாற்றை விரிவாகவே எடுத்துரைக்கிறது; பலரும் புரட்டிவிட்டுப் போகும் பகுதிதான் என்றாலும், பொறுமையுடன் படித்தால் பின்வரும் பதிவுகள் ஏன் அப்படி அமைந்திருக்கின்றன என்பது விளங்கும்.

பதிவுகளின் நேர்த்திக்குப் பார்வை தொடர்பான சொற்களைச் சான்றாகச் சொல்லலாம். கேஸ் (gaze), கேப் (gape), ஸ்டேர் (stare), கிளேர் (glare), பியர் (peer), குளோட் (gloat) என்ற ஆறு சொற்களும் நீண்ட நேரம் உற்றுப் பார்ப்பதையே குறிக்கின்றன. கேஸ் என்பது வியப்பிலோ ஈடுபாட்டிலோ கண் நிலைத்திருப்பது. கேப் என்றால் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பது. அதில் பார்ப்பவரின் அறியாமையும் சேர்ந்தே தெரிகிறது. ஸ்டேர் என்பதில் ஆர்வமோ நம்பமுடியாமையோ மரியாதைக் குறைவோ இருக்கலாம். கிளேர் என்றதும் சினம் வந்துவிடுகிறது. பியர் என்பது தெளிவாகத் தெரியாத ஒன்றைக் கண்களைச் சுருக்கிக்கொண்டு காண முயல்வது. குளோட் என்பதோ பிறர் கெட்டதைக் கண்டு உள்ளுக்குள் மகிழும் பார்வை. பார்த்தல் என்ற செயல் ஆறிலும் ஒன்றே. பார்ப்பவரின் மனநிலைதான் மாறுகிறது. நாவல் ஒன்றை மொழிபெயர்ப்பவர் இந்தப் பதிவை ஒருமுறை படித்துவிட்டால், கதைமாந்தர் ஒருவர் மற்றவரைப் பார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் சற்று நின்று யோசிப்பார்.

எதிர்ச்சொல்லை உரைகல்லாகப் பயன்படுத்துவது இந்நூலின் மற்றொரு சிறப்பு. பிகின், ஸ்டார்ட் இரண்டும் தொடங்குதலைக் குறிப்பவை. பல இடங்களில் எதை வைத்தாலும் குற்றமில்லை. ஆனால் பிகின் என்பதன் எதிர்ச்சொல் எண்ட், ஸ்டார்ட் என்பதன் எதிர்ச்சொல் ஸ்டாப் என்று காட்டப்படும்போது, முன்னது ஒன்றன் முதற்பகுதியையும் பின்னது அசைவற்றிருந்தது இயங்கத் தொடங்குவதையும் சுட்டுகின்றன என்பது விளங்குகிறது. இயந்திரத்துக்கு ஸ்டார்ட் பொருந்தி, பிகின் பொருந்தாமல் போவதன் காரணமும் அங்கேயே கிடைத்துவிடுகிறது. கமென்ஸ் என்பது பிகினுக்கு நெருக்கமானது, சற்றே சடங்குத் தன்மை கூடியது.

ஃபேமஸ், செலிப்ரேட்டட், எமினெண்ட், இல்லஸ்ட்ரியஸ் ஆகியவற்றோடு நொட்டோரியஸ் என்ற சொல்லும் ஒரே பதிவில் இடம்பெறுகிறது. பலராலும் அறியப்பட்டவர் என்ற அளவில் இவை ஓரினம்தான். வெறும் பட்டியலை நம்பி ஓர் அறிவியலாளரை நொட்டோரியஸ் என்று அழைப்பிதழில் அச்சிட்டால், தீய செயலால் பேர்பெற்றவர் என்று அவரை ஊரறியச் சொன்னதாகிவிடும். பட்டியலோடு விளக்கமும் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கன்டினுவல், கன்டினுவஸ் ஆகிய இரண்டையும் பற்றிய விளக்கமும் தெளிவானது. விட்டுவிட்டு, ஆனால் ஓயாமல் நிகழ்வது முன்னது. இடையறவே இல்லாதது பின்னது. பேச்சு வழக்கில் இக்கோடு அடிக்கடி அழிந்துவிடுகிறது என்றாலும், ஒப்பந்தம், அறிக்கை போன்ற எழுத்துகளில் அதைப் பேணுவதே நல்லது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மேற்கோள்களில் பெரும்பகுதி பழைய எழுத்தாளர்களுடையது. நடை அழகாக இருக்கும், ஆனால் இன்றைய அலுவலகக் கடிதத்துக்கு அப்படியே முன்மாதிரி ஆகாது. விளக்கங்களும் நீண்ட, செறிவான வாக்கியங்களால் ஆனவை. ஆங்கிலத்தை இப்போதுதான் கற்கத் தொடங்கியவரை அவை மிரட்டிவிடும். இதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் என்பதை இந்நூல் முறையாகச் சொல்லித்தருவதில்லை. பெரிய பிழையைப் பிக் மிஸ்டேக் என்று சொல்லலாம், லார்ஜ் மிஸ்டேக் என்று சொல்ல இயலாது; பலத்த மழை ஹெவி ரெய்ன் ஆகுமே தவிர ஸ்ட்ராங் ரெய்ன் ஆகாது. இவை பொருள் நுட்பத்தால் மட்டும் விளக்கத்தக்கவை அல்ல, வழக்கத்தால் வந்தவை.

இந்தக் குறையை நிரப்பக் கற்போருக்கான அகராதி ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொள்வது அவசியம். 1978இல் முதற்பதிப்புக் கண்ட லாங்மன் அகராதி, ஏறத்தாழ 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே தன் விளக்கங்களை அமைத்துக்கொள்வது. 1987இல் வந்த கோபில்ட் அகராதி, உண்மையான பேச்சும் எழுத்தும் அடங்கிய பெருந்தொகுப்பை ஆராய்ந்து, முழு வாக்கியங்களில் பொருள் சொல்வது. தொடக்க நிலையில் உள்ளவர் இவற்றுள் ஒன்றிலிருந்து தொடங்கி, ஆங்கில நாளிதழைத் தடையின்றிப் படிக்கும் நிலை வந்த பிறகு மெரியம்-வெப்ஸ்டருக்கு வரலாம்.

வாங்கியவர்கள் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது நூலின் குறியீடுகளை. எல்லாச் சொற்களுக்கும் அவற்றின் இடத்திலேயே விளக்கம் இருக்காது. தேடிய சொல்லுக்குக் கீழே ஒருபொருட் சொற்களின் பட்டியல் மட்டும் இருந்தால், அதில் உடுக்குறி (*) இட்ட சொல்லின் பதிவுக்குச் செல்ல வேண்டும், முழு விளக்கமும் அங்கேதான் இருக்கும்.