மஞ்சள் எச்சரிக்கை வந்தது, கடையிலேயே கேட்டேன், "சரி" என்றார்கள்: 485,000 ரூபா போய்விட்டது

கொழும்பில் மின்சாதனங்களை இறக்குமதி செய்து விற்கும் ஒரு கடை. சொந்த இணையத்தளம், சொந்த ஈமெயில் முகவரி எல்லாம் வைத்திருக்கும் பெரிய கடைதான். பொலிஸில் முறைப்பாடு இருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. அந்தக் கடையோடு வியாபாரம் பேசப்போய் 485,000 ரூபாவை இழந்து நிற்கிறேன். சீசனுக்கு முன்னால் ஏசி, ஃபிரிட்ஜ், சோலார் என்று கொழும்புக்கு ஓடர் கொடுக்கிற உப்புவெளி, நிலாவெளி ஆட்கள் தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள்.

உப்புவெளியில் எங்களுக்குச் சின்னதாக ஒரு கெஸ்ட் ஹவுஸ் இருக்கிறது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை வருகிற வருமானத்தில்தான் முழு வருசமும் ஓடவேண்டும். என் கணவர் புறாமலைக்குப் படகில் ஆட்களை ஏற்றிப்போய்ச் சேர்த்த காசையும், அறை வாடகையில் மிச்சம் பிடித்ததையும் ஒன்றாகப் போட்டு, இந்த முறை இரண்டு அறைக்கு ஏசி பூட்டலாம் என்று முடிவெடுத்தோம். கடையில் பேசினோம். 500,000 ரூபாவிலிருந்து 15,000 குறைத்து 485,000 என்று முடித்தோம். கொட்டேஷன் ஈமெயிலில் வந்தது.

முதல் மெயிலே ஸ்பாம் பெட்டிக்குள்தான் கிடந்தது. அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. மேலே மஞ்சள் பட்டை, இந்த மெயில் உண்மையாகவே அந்த முகவரியிலிருந்துதான் வந்ததா என்று ஜிமெயிலால் உறுதிசெய்ய முடியவில்லை என்று. அப்போதே கடைக்கு எடுத்துக் கேட்டேன். விற்பனைப் பகுதித் தம்பி சொன்னது இதுதான்: "அக்கா, எங்கட மெயில் எல்லாருக்கும் அப்படித்தான் காட்டும். லுக்ஸ் சேஃப் என்று ஒண்டு இருக்கும், அதை அமத்திவிடுங்கோ." கொட்டேஷனும் பேசிய விலைக்குச் சரியாகத்தான் இருந்தது.

வருசப்பிறப்பு லீவுக்கு முதல் நாள் மத்தியானம் இன்வொய்ஸ் வந்தது. அதே கடிதத் தலைப்பு, அதே கொட்டேஷன் இலக்கம், நான் பேசிக் குறைத்த அந்த 15,000 கூடத் தனி வரியில் இருந்தது. அதே மஞ்சள் பட்டை, அதே கேள்விக்குறி. ஒன்று மட்டும் வேறு. கம்பனிக் கணக்கில் ஓடிட் நடக்கிறதாம், பணத்தை வேறொரு கணக்கில் போடட்டுமாம். லீவுக்கு முன் போட்டால்தான் சீசனுக்குள் பூட்டித் தரமுடியும் என்றும் எழுதியிருந்தது.

நான் உடனே பணத்தைப் போடவில்லை. திரும்பவும் கடைக்கு எடுத்தேன். மெயிலில் இருந்த நம்பருக்கு இல்லை, முதலிலிருந்தே நான் பேசிவந்த கடை நம்பருக்கு. "தம்பி, இன்வொய்ஸ் ஒண்டு வந்திருக்கு, மஞ்சள் எச்சரிக்கை போட்டிருக்கு, கணக்கும் வேற கணக்கு. பார்த்துச் சொல்லுங்கோ" என்றேன். "ஒரு நிமிசம் அக்கா" என்று போனைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ கேட்டார். பின்னால் கடைச் சத்தம், யாரோ பெட்டி பிரிக்கிற சத்தம். திரும்பி வந்து, "ஓம் அக்கா, அக்கவுண்ட்ஸில கேட்டனான், சரியாம். மெயிலில இருக்கிற மாதிரியே போடுங்கோ, லீவு முடிய சாமான் வரும்" என்றார். கடையே சொன்னபிறகு ஒரு வாடிக்கையாளர் வேறு யாரைப் போய்க் கேட்பது? வங்கிச் செயலியில் 485,000 ரூபாவையும் அனுப்பினேன்.

லீவு முடிந்து, ஏசி எப்போது வரும் என்று கேட்க எடுத்தால், "நீங்க இன்னும் காசு போடேல்லயே அக்கா" என்கிறார்கள். ரசீதை அனுப்பினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, அது எங்கள் கணக்கே இல்லை, அப்படி ஒரு இன்வொய்ஸை நாங்கள் அனுப்பவே இல்லை என்றார்கள். "உங்கட ஆள் சரி எண்டு சொன்னவரே" என்று கேட்டேன். அப்படி யாரும் சொல்லவில்லையாம். அந்தத் தம்பியோடு பேசவேண்டும் என்றேன். இப்போது அவர் வேறு பகுதியாம். மனேஜர் மீட்டிங்கிலாம். மனேஜர் சாப்பிடப் போய்விட்டாராம். கடைசியில் ஒருநாள் மனேஜர் வந்து பேசினார். வாயைத் திறந்ததும் சொன்னது, "உங்கள் ஜிமெயிலைத்தான் யாரோ ஹேக் பண்ணியிருக்கிறார்கள், எங்களுக்கு இதில் சம்பந்தம் இல்லை." என் 485,000 ரூபா போய்விட்டது என்று அழுகிற ஒரு மனுசியிடம், ஒன்றையும் பார்க்காமல் எடுத்த எடுப்பில் இப்படிச் சொல்ல எப்படி மனம் வருகிறதோ தெரியவில்லை.

வங்கியில், ஓடிபி போட்டது நீங்கள்தானே என்றார்கள். இன்வொய்ஸில் கம்பனிப் பெயர், கணக்கோ வேறு யாருடையதோ, அதையாவது பார்க்கமாட்டீர்களா என்று கேட்டதற்கு, இலக்கம் சரியென்றால் பணம் போய்விடும் என்பதுதான் பதில். பணம் போய்ச் சேர்ந்த வங்கியோ, வாடிக்கையாளர் விபரம் தரமுடியாது, பொலிஸ் மூலம் வாருங்கள் என்றது.

நிலாவெளிக் கம்பஸில் கணினி படிக்கும் சொந்தக்காரத் தம்பி ஒருவன் வந்து என் லெப்டொப்பில் அந்த இன்வொய்ஸ் மெயிலைத் திறந்தான். மூன்று புள்ளியை அமத்தி, மெயில் எங்கிருந்து எப்படி வந்தது என்ற முழு விபரத்தையும் காட்டும் "ஷோ ஒரிஜினல்" பக்கத்துக்குப் போனான். விளக்கம் எனக்கும் அப்போதுதான் கிடைத்தது. மெயிலில் அனுப்புநர் இடத்தில் யாரும் யாருடைய முகவரியையும் எழுதலாம், தபால் உறையின் பின்பக்கத்தில் எழுதுகிற மாதிரி. அதைச் சோதிக்கத்தான் மூன்று ஏற்பாடுகள் இருக்கின்றன. என் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சேர்வருக்கு அனுமதி என்று கடை முன்கூட்டியே அறிவிப்பது எஸ்பிஎஃப். ஒவ்வொரு மெயிலிலும் கடையின் கையொப்பம் போல ஒன்று சேர்வது டிகேஐஎம். இவை இரண்டிலும் தேறாத மெயிலைத் திருப்பி அனுப்பு, அல்லது ஸ்பாமில் போடு என்று சொல்லிவைப்பது டிமார்க். கடையின் பழைய உண்மையான மெயிலைத் திறந்தான், அதிலும் எதுவும் தேறவில்லை. டிமார்க் என்ற வரியே இல்லை. அந்தக் கடை இவற்றில் ஒன்றைக்கூடச் செய்துவைக்கவில்லை. அதனால்தான் உண்மை மெயிலுக்கும் கள்ள மெயிலுக்கும் ஒரே மஞ்சள் பட்டை. டிமார்க்கைச் சரியாகப் போட்டு, தேறாததை நிராகரி என்று வைத்திருந்தால் அந்த மெயில் எனக்கு வந்தே சேர்ந்திராது என்றான்.

இது நேற்று வந்த விசயம் இல்லை. 2024 பெப்ரவரியிலிருந்து, ஜிமெயிலுக்கு மெயில் அனுப்புகிறவர்கள் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் ஒன்றாவது வைத்திருக்கவேண்டும், நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்கள் மூன்றும் வைத்திருக்கவேண்டும் என்று கூகுளே சொல்லிவிட்டது. லட்சக்கணக்கில் வியாபாரம் பண்ணுகிற கடை அதைச் செய்யாமல், வாடிக்கையாளரிடம் எச்சரிக்கையை அமத்திவிடச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அந்த பட்டனை அமத்தினால் பட்டை மறையுமே தவிர, மெயில் நல்லதாகிவிடாது.

இன்னொன்றையும் காட்டினான். அந்தக் கள்ள மெயிலுக்கு நான் பதில் எழுதினால் போகும் முகவரி வேறு. கடைப் பெயரில் ஆங்கில எம் வரவேண்டிய இடத்தில், ஆர், என் என்ற இரண்டு எழுத்தும் ஒட்டிக்கொண்டு நின்றன. போன் திரையில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் எம் மாதிரியேதான் தெரிகிறது. மவுஸை இழுத்துப் பெரிதாக்கிய பிறகுதான் இரண்டு எழுத்தும் பிரிந்தன.

என் கணக்கு ஹேக் ஆனது என்ற கதையையும் பார்த்துவிட்டோம். கூகுள் கணக்கின் செக்யூரிட்டிப் பக்கத்தில், எந்தெந்தக் கருவியில் கணக்கு திறந்திருக்கிறது என்று காட்டும். என் போனும் இந்த லெப்டொப்பும்தான் இருந்தன. மெயில்களை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் செட்டிங்கும் இல்லை, இரண்டு கட்டச் சரிபார்ப்பும் போட்டிருக்கிறது. நான் குறைத்துப் பேசிய 15,000 கள்ளனுக்கு எப்படித் தெரிந்தது? கடையின் மெயில் பெட்டியைத்தான் யாரோ திறந்து வாசித்திருக்கவேண்டும் என்று நினைக்கிறோம். ஸ்கிரீன்ஷொட் எல்லாம் மனேஜருக்கு அனுப்பினேன். பார்த்ததற்கு நீல டிக் இருக்கிறது, பதில் இல்லை.

இதை எப்படிக் கையாள்வது என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது நாளைக்கு வங்கிக்குக் கொண்டுபோகவேண்டிய கடிதம் எழுதக் கிடக்கிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

"எங்கள் மெயிலுக்கு அப்படித்தான் வரும், அமத்திவிடுங்கள்" என்று எந்தக் கடை சொன்னாலும் அங்கே ஈமெயிலை நம்பிக் காசு போடவேண்டாம். கணக்கு மாறியிருந்தால் உங்களுக்குத் தெரிந்த பழைய நம்பருக்கு எடுங்கள். ஆனால் "சரியா?" என்று கேட்காதீர்கள், சரி என்றுதான் சொல்வார்கள். கணக்கு இலக்கத்தை அவர்களையே ஒவ்வொரு எண்ணாக வாசிக்கச் சொல்லுங்கள், நீங்கள் வாசிக்கவேண்டாம். வாசித்ததை வட்ஸ்அப்பில் எழுத்திலும் கேளுங்கள். என்னிடம் அந்த ஒரு எழுத்து இல்லாததால்தான் "யாரும் சொல்லவில்லை" என்று அவர்களால் சொல்ல முடிகிறது.

அந்த மெயிலை அழிக்கவேண்டாம், ஷோ ஒரிஜினல் பக்கத்தையும் சேமித்து வையுங்கள், முறைப்பாட்டுக்குத் தேவை. பணம் போனது தெரிந்த உடனே இரண்டு வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள், வாயால் சொன்னது கணக்கில் வராது. இணைய மோசடி, ஹேக்கிங் போன்றவற்றை முறையிடும் அரச அமைப்பான ஸ்ரீ லங்கா சேர்ட்டுக்கு எடுக்கவேண்டிய நம்பர் 101. 485,000 ரூபாவுக்கு ஏசி பூட்டப் பார்த்த எங்கள் அறைகளில் இப்போது ஃபேன்தான். ஏசி கேட்டு வந்த முற்பதிவை இன்று காலையில் திருப்பிவிட்டேன். இந்தக் கிழமை யாராவது கொழும்புக் கடைக்குப் பணம் அனுப்பப் போகிறீர்கள் என்றால், அனுப்ப முதல் அந்த இலக்கத்தை அவர்கள் வாயால் வாசிக்கக் கேளுங்கள்.