நல்லா இருந்த பம்பைக் கழட்டவச்சு 14,800 ரூபாய் பறிச்ச கடை: போட் வச்சிருக்கவங்க கவனம்

தங்கல் (பல நாள் கடல்லயே தங்கி மீன் பிடிக்கிறது) கிளம்புற அவசரத்துல யாரும் இதுல மாட்டிக்காதீங்கன்னுதான் சூட்டோட சூடா எழுதுறேன். 14,800 ரூபாய். நல்ல தண்ணி பம்புக்கு 11,300, மாட்டுன கூலி 3,500.

கடை பேரு வேண்டாம். துறைமுகத்தை ஒட்டி போட்டுக்கு லைட்டு, பேட்டரி, பம்பு விக்கிற கடை. சமையல்கட்டுலயும் குளிக்கிற இடத்துலயும் நல்ல தண்ணி கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. படிப்படியா குறைஞ்சா அடைப்பைத்தான் முதல்ல பார்க்கணும். அந்தக் கடை ஆளு வந்து வடிகட்டி மூடியைக்கூட திறக்கல. "அண்ணே, டயாபிரம் (பம்புக்குள்ள தண்ணியைத் தள்ளுற ரப்பர் தகடு) போச்சு, இனி இது ஓடாது"ன்னுட்டான்.

நம்பவச்ச இடம் எதுன்னா அவன் கடை மேசை. டப்பாவைப் பிரிச்சு, வாளியில ஓஸை விட்டு, கண்ணு முன்னாடியே ஓட்டிக் காட்டுனான். ஓஸ் துள்ளுச்சு. நிமிஷத்துக்கு 11 லிட்டர், தண்ணி அழுத்தம் 40 பிஎஸ்ஐ ஆனா தானா நிக்கும், 12 வோல்ட்டுன்னு ஸ்டிக்கர். எவனும் நம்பத்தான் செய்வான். பழைய பம்பை 'எக்ஸ்சேஞ்ச்'னு அவனே வாங்கி வச்சுக்கிட்டான்.

போட்டுல மாட்டுனா பம்பு முனகுது. தண்ணி நூலா வருது. எல்லாக் குழாயையும் மூடினாலும் நிக்காம ஓடுது. போன் பண்ணுனா "புதுசு, ஓட ஓட சரியாகும்". மறுபடி பண்ணுனா "லைன்ல காத்து இருக்கும்". நேர்ல போனா "கரண்டு சாமானுக்கு கேரண்டி கிடையாது, பில்லு பின்னாடி பாருங்க". அதுக்கப்புறம் போனையே எடுக்கல. நேர்ல போனப்பதான் மேசைக்கு அடியில கண்ணு போச்சு: ரெண்டு 12 வோல்ட் பேட்டரி சீரிஸ்ல (ஒண்ணோட ஒண்ணு தொடரா இணைச்சு) கிடக்கு! அதாவது 24. ஸ்டிக்கரை நகத்தால சுரண்டுனா அடியில 24 வோல்ட்டுன்னு அச்சு. 24 வோல்ட் மோட்டாருக்கு 12 குடுத்தா வேகம் பாதிதான், 40 பிஎஸ்ஐ எட்டவே எட்டாது, அதான் நிக்கல. விக்காத சரக்கை ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளியிருக்கான்.

இதுல பெரிய கொடுமை வேற. பக்கத்து போட்டு அண்ணன்கிட்ட நல்லா ஓடுற 12 வோல்ட் பம்பை இரவல் வாங்கி மாட்டுனா, அதுலயும் தண்ணி சரியா வரல. பம்புக்கு முன்னாடி இருக்கிற வடிகட்டியைத் திறந்தா, டேங்குல இருந்து வந்த துருச்செதிலும் பாசியும் வலையை மூடிக் கிடக்கு. கழுவி மாட்டுனதும் தண்ணி பிச்சுக்கிட்டு வருது. பத்து நிமிஷ வேலை. அதுக்கு 14,800.

என்ன பார்க்கணும்னு விரிவா எழுதத்தான் நினைச்சேன், ஆத்திரத்துல கை ஓடல. முக்கியமானது மட்டும்:

வடிகட்டி, குழாய் நுனி ஜல்லடை ரெண்டையும் முதல்ல கழுவுங்க. பம்பு வெளி ஓஸைக் கழட்டி ஒரு நிமிஷம் வாளியில பிடிங்க. பம்புல போட்டிருக்கிற லிட்டர் அளவு அங்க வந்தா கோளாறு குழாய்ப் பக்கம். குறைஞ்சா, உறிஞ்சுற ஓஸைக் கழட்டிட்டு, வேற நல்ல ஓஸை பம்புல மாட்டி வாளித் தண்ணில முக்கி ஓட்டுங்க. இப்ப நல்லா வந்தா பம்பு மேல குத்தம் இல்ல: டேங்கு காத்துக்குழாய் அடைப்பு, சப்பிப்போன ஓஸ், கிளிப்புல காத்து இழுக்கிறது, இதுல ஒண்ணு. அப்பவும் குறைவுன்னா, பம்பு ஓடும்போதே அதுல வயரு சேர்ற முனையில வோல்ட் மீட்டர் வைங்க. பேட்டரியில 12.6 இருந்து அங்க 11-க்கு கீழ காட்டுனா, வயரு மெலிசு, இல்லன்னா ஜாயிண்டுல உப்பு பூத்திருக்கு. இதெல்லாம் சரியா இருந்தா மட்டும் பம்பை சந்தேகப்படுங்க.

புதுசு வாங்குனா ஸ்டிக்கரை நம்பாதீங்க, உங்க போட்டு பேட்டரியிலயே ஓட்டிப் பார்த்துட்டு காசு குடுங்க. பில்லுல வோல்ட்டு எழுதி வாங்குங்க. பழைய பம்பை யாருக்கும் குடுத்துடாதீங்க, எங்களோடது இன்னும் அவன் கடையிலதான் இருக்கு.