நேராக எண்ணுவதா, நிரப்பு நிகழ்ச்சி வழியில் போவதா?

ஒரு பகடையை 4 முறை உருட்டுகிறோம். குறைந்தது ஒரு 6 விழுவதற்கான நிகழ்தகவு என்ன? எந்த வழியில் போவது என்று பலர் தடுமாறும் இடம் இது.

வேலை
நேர்வழி: ஒரு 6, இரண்டு, மூன்று, நான்கு என ஒவ்வொன்றாக எண்ணிக் கூட்ட வேண்டும். 500 + 150 + 20 + 1 = 671. மொத்த விளைவுகள் 6 × 6 × 6 × 6 = 1296. விடை 671/1296.
நிரப்பு வழி: ஒரு நிகழ்ச்சி நடக்காமல் போவதுதான் அதன் நிரப்பு. இங்கே 6 விழவே இல்லை என்பதற்கு 5/6-ஐ நான்கு முறை பெருக்கினால் 625/1296. அதை 1-லிருந்து கழித்தால் அதே 671/1296. எவ்வளவு அழகாக முடிந்துவிடுகிறது!

தவறு நேரும் இடம்
நேர்வழி: ஏதாவது ஒரு வகை விடுபட்டுப்போகும்.
நிரப்பு வழி: நிரப்பையே தப்பாகப் பிடித்துவிடுவோம். இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். "குறைந்தது ஒரு 6" என்பதன் நிரப்பு "எல்லாமே 6" அல்ல, "ஒரு 6 கூட இல்லை" என்பதே. இரண்டு நிகழ்ச்சிகளும் ஒன்றாக நடக்கக் கூடாது. ஆனால் இரண்டும் சேர்ந்தால் கூறுவெளியில் (வரக்கூடிய எல்லா விளைவுகளின் தொகுப்பில்) எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது.

சரி, எதற்கு எது? "குறைந்தது ஒன்று" என்றால் தயங்காமல் நிரப்பு வழி. "சரியாக இரண்டு" என்றால் நேர்வழி: 150/1296. "குறைந்தது மூன்று" என்றாலும் நேர்வழிதான் சுலபம், 20 + 1 அவ்வளவுதான்.